வாசலில் நின்ற வார்த்தை

கீழமருதவேலியில் சொன்ன சொல் சொன்ன இடத்திலேயே நின்றுகொள்ளும் என்பதை முதலில் கண்டுபிடித்த பெருமை ஒரு மைக் செட்காரருக்குத்தான் போய்ச் சேர வேண்டும். ஆவணி மாதத்து முகூர்த்தம் ஒன்றில், கல்யாண மண்டபத்து வாசலில், சந்தனமும் பன்னீர்ச் செம்பும் வைத்த மேசைக்குப் பக்கத்தில் நின்று, தபால் ஆபீஸ் சுடலைமுத்து, மாப்பிள்ளையின் அத்தை மகளைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக, "எத்தனாவது மாசம் தாயி?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு மாசமும் இல்லை ஒன்றும் இல்லை. கல்யாணமாகி ஆறு வருஷமாகக் கோயில் கோயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தாள், அவள் வயிறு வெறும் வயிறு. அவள் முகம் சுண்டி, சுடலைமுத்து நாக்கைக் கடித்து, சுற்றி நின்றவர்கள் திடீரென்று பன்னீர் தெளிப்பதில் மும்முரமாகி, எல்லாம் வழக்கப்படி நடந்து முடிந்த பிறகும் அந்தக் கேள்வி மட்டும் முடியவில்லை. அவர் போய்ப் பந்தியில் உட்கார்ந்து ரசத்துக்கு வந்துவிட்டார்; அது அதே இடத்தில், அவர் வாய் இருந்த உயரத்தில், அவர் குரலில், கடந்து போகிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. மைக் செட்காரர் தன் பெட்டியில்தான் கோளாறு என்று ஒயரைப் பிடுங்கினார், பிறகு பெட்டியையே வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் வாழைமரத்தை அவிழ்க்க வந்த மீசைக்காரரையும் அது "எத்தனாவது மாசம் தாயி?" என்று கேட்டது.

ஊர் இதற்கெல்லாம் பெரிதாக அசந்துவிடவில்லை. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார், அம்மன் கோயில் பூசாரி சூடம் காட்டினார், மண்டபத்துக்காரர் சந்தன மேசையை நான்கடி தள்ளிப் போட்டுக் கேள்வி நின்ற இடத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை வைத்தார், அவ்வளவுதான். அடுத்த மாதம் ஒரு வக்கீல், பஸ் ஸ்டாண்டில், நண்பருடைய இரண்டாம் சம்சாரத்தைப் பார்த்து "மகளா? அப்படியே அப்பா ஜாடை" என்று சொன்னது டீக்கடை முன்னால் நின்றது, அதற்கடுத்து ஒரு பதினாறாம் நாள் விருந்தில், பாயசத்தை வழித்துக் குடித்த சம்பந்தி ஒருவர், "அருமை, அடுத்த விசேஷம் எப்போ?" என்று கேட்டது இலை போட்ட இடத்தில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் திருப்பிப் போட்டார், விருந்து வீட்டார் அந்த இடத்தில் அரிசி மூட்டையை அடுக்கினார்கள், தெருவில் போகிற மாடுகள்கூட இரண்டு நாளில் விலகிப் போகப் பழகிக்கொண்டன. காரணம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்பதே ஒருவேளை அசட்டுத்தனமாகிக் காற்றில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

நின்றது இந்த மாதிரி இடம் தெரியாமல், ஆள் தெரியாமல், நேரம் தெரியாமல் உளறிக்கொட்டிய வார்த்தைகள் மட்டுமே. குழாயடியில் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டது நிற்கவில்லை, மேடை போட்டு இரண்டு மணி நேரம் முழங்கியது நிற்கவில்லை, முக்கியமாகப் பொய் நிற்கவே இல்லை. பொய் எப்போதும் போலச் சொன்ன நிமிஷமே கலைந்து போயிற்று, பின்னால் வருகிறவனுக்கு அங்கே ஒரு பொய் சொல்லப்பட்டது என்ற சுவடே தெரியாது. பொய்யும் நின்றிருந்தால் கீழமருதவேலியில் மனிதன் நடக்க வழி இருந்திருக்காது, அப்புறம் எல்லாரும் கூரை மேல்தான் போக வேண்டியிருந்திருக்கும். அதனால் ஊரார் சீக்கிரமே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: எவன் பேசிய இடத்தில் காற்று சுத்தமாக இருக்கிறதோ அவன் கண்ணியமானவன். இந்த முடிவு ஊரில் இருந்த அத்தனை புளுகர்களுக்கும் மிகவும் பிடித்திருந்தது.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் செண்பகவடிவு வேண்டியிருந்தாள். பாத்திரக்கடை சங்கரலிங்கத்தின் மனைவி, வயது ஐம்பத்தொன்று, எட்டுக்கல் பேசரி, எங்கே போனாலும் வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் ஒரு கறுப்புக் குடை. அடுத்தவர் சறுக்குவதைப் பார்ப்பதில் அவளுக்கு இருந்த ருசி சாப்பாட்டில்கூட இருந்ததில்லை. எந்தக் கல்யாணத்தில் யார் யாருக்குக் கை கூப்ப மறந்தார்கள், எந்தச் சீமந்தத்தில் எவள் தட்டை இடம் மாற்றி வைத்தாள் என்று முப்பது வருஷத்துக் கதை அவளிடம் வரிசை தப்பாமல் இருந்தது. வார்த்தைகள் நிற்கத் தொடங்கிய பிறகு, நின்றது என்ன ரகம் என்று சொல்ல அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் வருவாள், குடையை மடக்குவாள், தலையை இடப்பக்கம் சாய்த்து ஒரு கண்ணை மூடி இரண்டு தடவை கேட்பாள். முதல் தடவை மரியாதைக்கு, இரண்டாவது தடவை ருசிக்கு. பிறகு ஒரே ஒரு சொல் சொல்லுவாள்.

வெறும் "உளறல்" என்று அவள் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு உயிர் வந்துவிடும், மூன்று நாள் தலை காட்டாமல் இருந்தால் போதும். "அசடு" என்றால் அடுத்த தேரோட்டம் வரைக்கும் எந்த வீட்டு விசேஷத்திலும் பின்வரிசைதான். "கூறுகெட்டதனம்" என்று வாயைத் திறந்தாளோ, ஒரு வருஷத்துக்குப் பத்திரிகையில் பெயர் கிடையாது, தாம்பூலத் தட்டில் கை வைக்கக்கூடாது, எதிரே வருகிறவர்கள் செருப்பு வார் அறுந்த மாதிரிக் குனிந்துகொள்வார்கள். அதற்கும் மேலே ஒன்று இருந்தது, "மானக்கேடு"; அதை அவள் சிக்கனமாகத்தான் செலவழித்தாள். சுடலைமுத்துவுக்கு அதைத்தான் கொடுத்தாள். அந்த மனிதர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று அழுதார் என்று சொன்னபோது, "அழுதா ஆச்சா? நிக்குத வார்த்தை நிக்கத்தான செய்யுது" என்றாள். அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு வடக்கே எங்கேயோ போய்விட்டார். எதிர்வீட்டு பிரமு, செண்பகவடிவுக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே போய் வந்தவள், அன்றைக்குத் தன் வீட்டுக் கண்ணாடி முன் நின்று தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டாள்.

நின்ற வார்த்தைகளில் ஒன்றே ஒன்று போனது. அந்த அத்தை மகள் மறு வருஷம் பங்குனியில் ஒரு வளைகாப்புக்கு அதே மண்டபத்துக்கு வந்தாள். குரோட்டன்ஸ் தொட்டியைக் கடக்கும்போது சுடலைமுத்துவின் குரல் வழக்கம் போலக் கேட்டது. அவள் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அஞ்சு" என்றாள். அத்தோடு அந்தக் கேள்வி அடங்கிப்போய்விட்டது. தவறாகச் சொன்னது என்றைக்கு மெய்யாகிறதோ அன்றைக்கு அது போய்விடும் என்று ஊர் புரிந்துகொண்டது. சுடலைமுத்துவுக்கு ஒரு கார்டு போட வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில், செண்பகவடிவு வீடு இருந்த அம்மன் சன்னதித் தெருவின் பஸ் நிறுத்தத்துப் பக்கக் கடைசி வீட்டில், டிராயிங் வாத்தியார் ஆவுடையப்பன் நெஞ்சுவலியில் இறந்துபோனார். பிள்ளைகள் கிடையாது. மனைவி உலகம்மை, தெருவுக்கு உலகு, நாற்பத்தாறு வயது, யாரிடமும் அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளாதவள். செண்பகவடிவு காலையிலேயே போய் வாசலில் இடம் பிடித்துக்கொண்டாள். துக்க வீட்டில் "வாங்க" என்று யாரும் அழைக்கக்கூடாது, எழுந்து போகிறவர்கள் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொள்ளக்கூடாது, திரும்பி வருவேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடும். இது பச்சைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் புதுசாக வாழ வந்த மருமகள்களை ஒவ்வொருத்தியாக மறித்து, "ஏட்டி, வாயத் தொறக்காதீங்க. பேசாமப் போங்க, அழுங்க, பேசாம எந்திரிச்சு வந்துருங்க. நிக்குத காலம் பாத்துக்கிடுங்க" என்று பதினொரு பேருக்குப் பாடம் நடத்தினாள். பன்னிரண்டாவது ஆளுக்கு நடத்த யாரும் இல்லை, அந்தப் பன்னிரண்டாவது ஆள் அவளேதான்.

சடலத்தை எடுத்து, ஆண்கள் போய், பெண்கள் குளிக்கக் கிளம்பிய நேரம். செண்பகவடிவு உலகுவின் தோளைத் தொட்டுவிட்டு எழுந்தாள், கொசுவத்தை உதறினாள், படி இறங்கினாள், கேட்டைத் திறந்தாள், குடையை விரித்தாள். நாற்பது வருஷமாக எத்தனையோ வீட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்துப் பழகிய கழுத்து தானாகத் திரும்பியது, நாக்கும் தானாகவே புரண்டது: "அப்போ போயிட்டு வாரேன் உலகு."

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். ஆவுடையப்பன் இறந்ததற்குக்கூட அந்த வீட்டில் அவ்வளவு அமைதி வந்திருக்காது. அவள் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள், அவள் குரல் பின்தங்கி, அரளிச் செடிக்குப் பக்கத்தில், அவள் வாய் உயரத்தில், நல்ல கல்யாண வீட்டுக் குழைவோடு மறுபடி சொன்னது: "அப்போ போயிட்டு வாரேன் உலகு."

பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். என்ன ரகம் என்று அவள்தான் சொல்ல வேண்டும், வேறு யார் சொல்வது? செண்பகவடிவு தலையைச் சாய்க்கவில்லை, கண்ணை மூடவில்லை. "உளறல்தான்" என்றாள். "எம்புட்டு நேரமா அழுதுக்கிட்டு இருக்கேன், தல சுத்துதுல்லா." அப்போது பிரமு முன்னால் வந்தாள், கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள், தலையை இடப்பக்கம் சாய்த்து ஒரு கண்ணை மூடினாள், இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை உதட்டோரம் ஒரு சுழிப்புக்கூட வந்தது.

"கூறுகெட்டதனம் மதினி" என்றாள். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான, நாஞ் சொல்லுததுல தப்பு இருக்கா?"

அன்றிலிருந்து செண்பகவடிவுக்குச் செருப்பு வார் அறுந்த ஆட்களாகவே எதிரே வந்தார்கள். அதைக்கூட அவள் தாங்கியிருப்பாள், ஒரு வருஷம் என்பது ஒரு வருஷம்தான். ஆனால் அவள் மகன் காந்திமதிநாதனுக்கு முப்பத்து நாலு வயது. எட்டு வருஷமாக ஜாதகம் பார்த்து, முதல் முறையாகத் தென்காசியில் ஒரு இடம் பொருந்தி வந்திருந்தது. கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். இப்போதெல்லாம் சம்பந்தம் பேச வருகிறவர்கள் வீட்டை மட்டும் பார்ப்பதில்லை, பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனையிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு நடந்துதான் வருவார்கள். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய முதல் வீடே உலகுவின் வீடு. பெண்ணின் தாயார் செண்பகவடிவிடம் போனில் நான்கு தடவை பேசியிருக்கிறாள், குரல் தெரியும். துக்க வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொன்னவளை நம்பி எந்தத் தாய் பெண்ணைக் கொடுப்பாள்? செண்பகவடிவே கொடுத்திருக்க மாட்டாள், கொடுத்தவளை ஏசியிருப்பாள்.

கடையிலிருந்து ஆளை அனுப்பி அந்த இடத்தில் தார்ப்பாய் கட்டச் சொன்னாள், குரல் தார்ப்பாய்க்கு இந்தப் பக்கமும் கேட்டது. பித்தளை அண்டாவைக் கவிழ்த்து வைக்கச் சொன்னாள், அது அண்டாவுக்குள் முழங்கி நாலு வீட்டுக்குக் கேட்டது. சாப்பாடு இறங்காமல் அவள் தட்டைத் தள்ளி வைத்த ஒரு மத்தியானம், சங்கரலிங்கம் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். அந்த மனிதர் வீட்டில் பேசுவதே அபூர்வம், பேசினால் பாதியில் வெட்டிவிடுவாள் என்பதால் சின்னதாகத்தான் பேசுவார்.

"வாரேன்னுதான சொன்ன? போயிட்டு வந்துட்டாப் போச்சு."

"துக்க வீட்டுக்கா? வருசம் திரும்பல. கல்யாணம் வச்சிருக்கவ அங்க காலடி எடுத்து வைக்கலாமா? ஒங்களுக்குக் கூறு இருக்கா?"

"நீ வைக்கப் போறது காலத்தான" என்றார் அவர். "வாய வைக்காத. காலடி காத்துல நிக்காது."

செண்பகவடிவு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் சொன்ன ஒரு உருப்படியான யோசனை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டாள், அதையும் அவரிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, குடையும் கையுமாக அவள் தெருவின் நடுவில் நடந்தாள். இரண்டு பக்கமும் ஜன்னல் கம்பிகளில் முகங்கள் முளைத்தன. பிரமு வெளிப்படையாகவே வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள். கேட்டருகே அவள் குரல் அவளையே, "அப்போ போயிட்டு வாரேன் உலகு" என்று வரவேற்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அதற்குள் புகுந்து கடந்து, மூன்று படி ஏறி, நிலைப்படியைத் தாண்டி வலது காலை உள்ளே வைத்தாள். பின்னால் அந்தக் குரல் "போயிட்டு வா" வரைக்கும் வந்து பாதியில் அறுந்துபோயிற்று. அரளிச் செடியில் ஒரு சிட்டு கத்துவது அப்போதுதான் தெருவுக்குக் கேட்டது. செண்பகவடிவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை இறக்கிய மாதிரி இருந்தது, இப்படியே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் உலகு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

நெற்றியில் ஒன்றும் இல்லாமல், சாயம் போன ஒரு நீலச் சேலையில், ஆள் பாதியாகியிருந்தாள். கூடத்தில் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தூசி தட்டித் துடைத்துப் போட்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் இரண்டு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது.

"வந்துட்டியளா மதினி" என்றாள் உலகு. "உக்காருங்க. இந்தா, பால் காய்ஞ்சுதான் இருக்கு."

காப்பி வந்தது. வருகிறவர்கள் யாரும் இல்லாத வீட்டில் இரண்டு டம்ளர் எதற்கு என்று செண்பகவடிவு கேட்கவில்லை, ஆனால் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து உலகுவே சொன்னாள்.

"நாப்பத்தி மூணு நாளா ரெண்டு பேருக்குத்தான் போடுதேன். பதினாறு முடிஞ்சப்பொறம் இந்தப் படியில ஒருத்தரும் ஏறல மதினி. பால்காரர் பாக்கெட்ட கேட்டுல தொங்க விட்டுட்டுப் போயிருதாரு. எங்கூடப் பெறந்தவன் மதுரையில இருக்கான், அவனும் வருசம் திரும்பட்டும்னுட்டான். காலைல வாசல் பெருக்கப் போவேன், நீங்க போயிட்டு வாரேன் உலகும்பிய. சரி மதினின்னு மனசுக்குள்ள சொல்லிட்டு உள்ள வந்துருவேன். சாயந்தரம் ஒருக்க போயிக் கேப்பேன்." டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். "எல்லாரும் சிரிச்சாவன்னு தெரியும். எனக்கு அவிய போனப்பொறம் இந்த வீட்டுக்கு வாரேன்னு சொன்னது நீங்க ஒருத்திதான்."

செண்பகவடிவுக்கு வெட்கமாக இருந்தது, இத்தனை வருஷத்தில் அடுத்தவருக்கென்று எடுத்து எடுத்துக் கொடுத்த வெட்கம், தனக்கென்று வந்தபோது என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது உண்மை. ஆனால் துக்க வீட்டில் சொல்லத்தக்க இரண்டு வார்த்தை எது என்று யோசித்தாள், எதைச் சொன்னாலும் நின்றுவிடுமோ என்று யோசித்தாள், நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை என்று யோசித்தாள், யோசித்து முடிப்பதற்குள் அது கடந்து போய்விட்டது.

உலகு ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தாள். எழுந்து போய் வெளியே பார்த்தாள்.

"சத்தத்தக் காணுமே மதினி."

உலகு திரும்பிச் செண்பகவடிவைப் பார்த்தாள், கையில் இருந்த குடையைப் பார்த்தாள், உதடு மட்டும் பட்டுத் தளும்பத் தளும்ப இருந்த காப்பியைப் பார்த்தாள். எதற்காக வந்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நல்லது" என்றாள். "காப்பி ஆறிப் போவுது."

செண்பகவடிவு எழுந்தாள். இந்தத் தடவை அவள் ஒரு பிசகும் செய்யவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்தாள், படி இறங்கினாள், கழுத்தை ஒரு இம்மிகூடத் திருப்பாமல் நேராக நடந்தாள். துக்க வீட்டிலிருந்து ஒரு பெண் எப்படிப் போக வேண்டுமோ அப்படிப் போனாள், ஜன்னல்களில் இருந்த முகங்கள்கூட அதை மெச்சின. உலகு கேட்டுவரை பின்னாலேயே வந்ததை அவள் கவனிக்கவில்லை. உலகுவும் ஒரு தாய் வயிற்றுப் பெண்தான், அவளுக்கும் வீட்டுக்கு வந்தவர்களை வாசல்வரை வந்து அனுப்பிப் பழகிய கால்களும் நாக்கும் இருந்தன. புரிந்த பிறகும், எல்லாம் தெரிந்த பிறகும், அந்த நாக்கு சொன்னது:

"இன்னொரு நா வாங்க மதினி, இருந்து பேசிட்டுப் போலாம்."

துக்கம் கழியாத வீட்டிலிருந்து ஒருத்தி ஊரை வாங்க என்று அழைப்பதா? அந்த அழைப்பு அரளிச் செடிக்குப் பக்கத்தில், முன்னது இருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, உலகுவின் வாய் உயரத்தில் நின்று மறுபடியும் சொன்னது. உலகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதைப் போக்குவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். இன்னொரு நாள் வர வேண்டும், இருந்து பேசிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். செண்பகவடிவு நின்றாள். பிரமு தெருவைக் கடந்து வந்து, பழைய மரியாதையோடு குடையைக் கையில் வாங்கிக்கொண்டு, "என்ன பேரு மதினி வைக்க?" என்று கேட்டாள். நாற்பத்து மூன்று நாளாக யாரும் கேட்காத கேள்வி. செண்பகவடிவின் முதுகு நிமிர்ந்தது. தலையை இடப்பக்கம் சாய்த்தாள், ஒரு கண்ணை மூடினாள். ஒரு தடவைதான் கேட்டாள், இரண்டாவது தடவை கேட்க மட்டும் ஏனோ தைரியம் வரவில்லை.

"கூறுகெட்டதனம்" என்றாள். "ஒரு வருசம்."

"அவதான் எப்பிடியும் வருசத்துக்கு வெளிய வரமாட்டாளே" என்றாள் பிரமு. ஜன்னல்களில் சிரிப்பு எழுந்தது, செருப்பு வார்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டன, அன்று சாயங்காலமே இரண்டு பேர் பத்திரிகையோடு செண்பகவடிவு வீட்டுக்கு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தென்காசிக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். செண்பகவடிவே நிறுத்தத்துக்குப் போய் எதிர்கொண்டாள். பெண்ணின் தாயார் பருத்த உடம்பு, கூர்மையான காது; தெருவுக்குள் நான்கு எட்டு வைத்ததும் அரளிச் செடி அருகே நின்றுவிட்டாள்.

"இன்னொரு நா வாங்க மதினி, இருந்து பேசிட்டுப் போலாம்" என்றது காற்று.

"பாவமா இருக்கே" என்றாள் அந்த அம்மாள். "யாரக் கூப்புடுதாவ?"

"ஏதோ துக்க வீடு" என்றாள் செண்பகவடிவு. "யாரக் கூப்புடுதாளோ. எனக்கு இங்க போக்குவரத்தே கெடையாது. ஒருநாளும் அந்தப் படி ஏறினதில்ல."

சம்பந்தியாகப் போகிறவள் சூட்டிகையானவள். உடனே நகரவில்லை. செண்பகவடிவு பேசிய இடத்தில், அவள் வாய் இருந்த உயரத்தில், காதை வைத்து நிதானமாகக் கேட்டாள். அங்கே ஒன்றும் இல்லை. சொன்னது சொன்ன நிமிஷமே கலைந்து, காற்று துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"ஒங்க பேச்சு ஒண்ணும் நிக்கல சம்பந்தி" என்றாள் திருப்தியாக. "நல்ல குடும்பம்."

இருவரும் சிரித்துக்கொண்டு தெருவுக்குள் போனார்கள். பின்னால் அது மறுபடியும் அழைத்தது, ஜன்னலுக்குப் பின்னால் யாரோ பால் பாத்திரத்தை அடுப்பில் வைக்கும் சத்தமும் கேட்டது.